ஓடிபி சொல்லுங்க மிஸ்

எங்கள் பள்ளி ஸ்டாஃப் ரூமுக்குக் காலை ஒன்பதரைக்கு வந்து பார்த்தால் ஏலக்கடை போல இருக்கும். "நாலு ஏழு ஒண்ணு..." என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும். "இருங்க மிஸ், எனக்கு இன்னும் வரல" என்று எதிர் மூலையிலிருந்து இன்னொரு குரல். நடுவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். வருகைப் பதிவு, மதிப்பெண், உதவித்தொகைப் பட்டியல், பயிற்சிக்குப் பெயர் கொடுப்பது என்று மேலிடம் எதைக் கேட்டாலும் ஏதாவது ஒரு வலைத்தளத்தில்தான் கேட்கும். அந்தத் தளம் அந்தந்த டீச்சரின் போனுக்கு ஆறு எண்களை அனுப்பும். அதை அவர்கள் உரக்கச் சொல்வார்கள், நான் தட்டுவேன். பத்தொன்பது பேர் வேலையும் பிரேயர் மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும்.

பதினோரு வருஷமாக இதுதான் வழக்கம். பாஸ்வேர்டு எல்லாம் என்னுடைய நீள நோட்டு ஒன்றில் இருந்தது. பெயரின் முதல் நான்கு எழுத்து, ஒரு அட் குறி, பிறந்த வருஷம். போட்டுக் கொடுத்ததும் நான்தான். யாராவது போன் மாற்றினாலும், மெயில் திறக்கவில்லை என்றாலும், "கம்ப்யூட்டர் மிஸ்ஸக் கேளு" என்பார்கள். நான் ஒரு நாள் லீவு போட்டால் இந்தப் பள்ளியே முடங்கிவிடும் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. திமிர் என்ன, அதுதான் எனக்கு இருந்த ஒரே பாதுகாப்பும். எனக்குச் சம்பளம் கொடுப்பது நிர்வாகம், அரசாங்கம் அல்ல. போகச் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, தலைமை ஆசிரியையான சிஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வரும் ஜூனிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குக் கணினிப் பாதுகாப்பு என்று ஒரு கூடுதல் பாடம் ஆரம்பிக்கப் போகிறார்களாம். தாளாளர் ஃபாதர் முடிவு செய்துவிட்டாராம்.

"எடுக்கறவங்களுக்கு அதுல ஒரு சர்டிஃபிகேட் இருக்கணும்னு ஃபாதர் சொல்றாங்க. நீங்க ஒரு கோர்ஸு பாத்து வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. ஃபீஸு நாங்க கட்டிடறோம். ஒரு தடவதான்."

"சரிங்க சிஸ்டர்" என்றேன்.

சிஸ்டர் மேசை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து, கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்து, பிறகு கொடுத்தார். கடலூரிலிருந்து ஒரு பொண்ணு வேலை கேட்டு அனுப்பிய விண்ணப்பம். எம்.இ. படித்தவள். கடைசி வரியில், கணினிப் பாதுகாப்பில் அடிப்படைச் சான்றிதழ் பெற்றிருப்பதாக எழுதியிருந்தாள்.

"லேபுக்கு ரெண்டு பேரு வெச்சிக்க முடியாது மிஸ். அதயும் சொல்லிடறேன்" என்றார் சிஸ்டர். அவர் எதையும் மறைத்துப் பேசுகிறவர் இல்லை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று கோர்ஸுகள் கண்ணில் பட்டன. ஒன்று, அந்தக் கடலூர்ப் பொண்ணு வைத்திருக்கும் அதே அடிப்படைச் சான்றிதழ். அதன் பாடத்திட்டத்தைப் படித்தால் பாஸ்வேர்டு, பூட்டு, மனிதர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று ஒரு முழு அத்தியாயம். இதெல்லாம் ஒரு படிப்பா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டாவது, இலவசமாக இணையத்தில் கிடைப்பது. இலவசம் என்றால் ஃபாதர் மதிக்க மாட்டார். மூன்றாவது எத்திகல் ஹேக்கிங், அனுமதியோடு அடுத்தவர் கணினிக்குள் புகுந்து ஓட்டையைக் கண்டுபிடிக்கிற படிப்பு. விளம்பரத்தில் தலையில் முக்காடு போட்ட ஒரு ஆள், அவனைச் சுற்றிப் பச்சை எழுத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன.

என் மனசு மூன்றாவதில்தான் போய் ஒட்டியது. அந்தப் பொண்ணு அடிப்படை என்றால் நான் அதற்கு ஒரு படி மேலே இருக்க வேண்டாமா? அவள் கையில் இருப்பதையே நானும் வாங்கினால், இளையவளையே வைத்துக்கொள்வோம் என்று நினைக்க மாட்டார்களா? பிள்ளைகளிடம் "மிஸ் ஒரு ஹேக்கர்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் எப்படி இருக்கும் என்றுகூட யோசித்தேன். நாற்பத்திரண்டு வயசில் இந்த ஆசை.

செவ்வாய்க்கிழமை ஒரு தளத்தில் மாதிரி வகுப்புக்கு என் பெயரையும் வேலையையும் நம்பரையும் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. நல்ல தமிழ், கனிவான குரல். "மேடம், டீச்சருங்களுக்குன்னே ஒரு ஸ்பெஷல் பேட்ச் போட்ருக்கோம்." அன்று மூன்று தடவை கூப்பிட்டான். புதன்கிழமை காலையில் இரண்டு தடவை. "யோசிச்சிச் சொல்றேன்" என்று நான் வைத்தால், "சீட்டு ரெண்டுதான் இருக்குது மேடம்" என்பான். நான் பொறுமைசாலி இல்லை. ஆனால் அவனிடம் எரிந்து விழக்கூட முடியவில்லை. எனக்கு அந்தச் சீட்டு வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வலது கையெல்லாம் தயிர்சாதம். பக்கத்தில் தமிழ் டீச்சர் எனக்கு ஊறுகாய் நீட்டி, "மிஸ், எலுமிச்சங்கா போட்டுக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறவர். அப்போது அவன் கூப்பிட்டான்.

"மேடம், இன்னும் ஒரே ஒரு சீட்டு. இப்ப லாக் பண்ணிடவா? ஃபீஸெல்லாம் அப்புறம் குடுங்க. பேரு மட்டும் பதிஞ்சுக்கறேன்."

பணம் கேட்கவில்லை என்றதும் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது. "சரி, பண்ணுங்க" என்றேன்.

இடது கையில் இருந்த போன் அதிர்ந்தது. ஆறு எண்கள். அதற்குக் கீழே, இதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி. பதினோரு வருஷமாக ஆயிரம் தடவை பார்த்த வரி. பார்த்துப் பார்த்து அது என் கண்ணில் படுவதே நின்று போயிருந்தது.

"ஓடிபி சொல்லுங்க மிஸ்" என்றான்.

தமிழ் டீச்சர் என்னைக் கூப்பிட்டதைக் கேட்டிருப்பான் போல. மேடம் போய் மிஸ் வந்துவிட்டது. அவன் கேட்ட தோரணை என்னுடைய தோரணைதான். ஒன்பதரை மணிக்கு நான் எப்படிக் கேட்பேனோ அப்படியே கேட்டான். நான் ஸ்டாஃப் ரூமுக்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். கை கழுவப் போனேன்.

மணி அடித்தது. மாடியில் லேபில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வுக்கான பயிற்சி. இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல. போன் சைலண்டில், கைப்பைக்குள். ஒரு பிள்ளைக்கு நிரல் ஓடவில்லை, ஒரு பிள்ளைக்கு மவுஸ் வேலை செய்யவில்லை. சீட்டு கிடைத்துவிட்ட நிம்மதியில் நான் அன்று யாரையும் திட்டக்கூட இல்லை.

இரண்டாம் பீரியட் பாதியில் தமிழ் டீச்சர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து லேப் கதவில் நின்றார். முட்டிவலிக்காரர். மாடிக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை.

"மொத தடவ ஒரு நம்பர மாத்திப் போட்டுட்டேன் மிஸ். ரெண்டாவது சரியா அனுப்பினேன். வந்துச்சா இல்லியா தெரியல. என் வாட்ஸப்பே தொறக்க மாட்டேங்குது. அதான் நேர்லயே சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"எத டீச்சர்?"

"ஓடிபிதான். குரூப்புல கேட்டீங்கள்ல?"

நான் குரூப்பில் எதையும் கேட்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்தேன். என் வாட்ஸப்பில் ஒன்றுமே இல்லை. உங்கள் எண் வேறொரு போனில் பதிவாகியிருக்கிறது என்று ஒரு வாசகம் மட்டும் நின்றது. அவன் சீட்டைப் பதியவில்லை. என் எண்ணை அவன் போனில் பதிந்திருக்கிறான். அதற்கான ஆறு எண்களைத்தான் நான் ஊறுகாய்க்கு நடுவில் வாசித்துக் கொடுத்திருக்கிறேன்.

படிக்கட்டில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஸ்டாஃப் ரூமில் ஏமாறாத ஒருவர் போனில் குரூப்பைப் பார்த்தேன். என் பெயரில், என் படத்தோடு ஒரு செய்தி. "எல்லாருக்கும் ஒரு ஓடிபி வரும். உடனே அனுப்பவும்." அவ்வளவுதான். எதற்கு என்று அவன் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் பள்ளியில் நான் கேட்டால் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. ஒன்பது பேர் அனுப்பியிருந்தார்கள். பி.டி. சார் எண்ணோடு சேர்த்துக் கூப்பிய கை படமும் போட்டிருந்தார்.

வகுப்பு வகுப்பாக ஓடி ஒவ்வொருவராக வெளியே இழுத்தேன். அவர்கள் எண்ணை அவர்கள் போனிலேயே மறுபடி பதிந்தால் அவன் வெளியே விழுந்துவிடுவான். அதற்குப் புதிதாக ஒரு எண் வரும். "ஓடிபி சொல்லுங்க" என்றேன், வேறு வழியில்லாமல். அப்போதும் ஒருவர்கூடத் தயங்கவில்லை. பளிச்சென்று சொன்னார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கணக்கு டீச்சர் ஒன்பதாம் வகுப்பில் இருந்தார். மங்கலம்பேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். கணவர் வளைகுடாவில். மகள் எங்கள் பள்ளியிலேயே யு.கே.ஜி. படிக்கிறாள். நான் போய் விஷயத்தைச் சொல்லி அவர் பையிலிருந்து போனை எடுத்தபோது அதில் பதினான்கு தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே நம்பர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினைந்தாவது வந்தது.

கணவர்தான். அவரிடமிருந்து வார்த்தையே வரவில்லை, வெறும் அழுகைச் சத்தம். டீச்சரின் வாட்ஸப்பிலிருந்து அவருக்கு ஒரு செய்தி போயிருக்கிறது. பாப்பா ஆஸ்பத்திரியில், உடனே ஆபரேஷன், பணம் அனுப்புங்க, போன் பண்ணாதீங்க. அந்த மனுஷன் பணத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து ஒரு மணி நேரமாக விடாமல் கூப்பிட்டிருக்கிறார். எடுக்க ஆளில்லை.

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லங்க, இங்கதான் இருக்குது, நல்லா இருக்குதுங்க" என்று டீச்சர் கத்துகிறார். அவர் நம்பவில்லை. தைரியம் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். டீச்சர் போனைப் பிடித்தபடி மைதானத்தைக் கடந்து யு.கே.ஜி. வகுப்புக்கு ஓடினார். பின்னாலேயே நானும். வாயைத் துடைத்துக்கொண்டிருந்த பிள்ளையின் காதில் போனை வைத்தார். "அத்தா, நான் முட்ட சாப்ட்டேன்" என்றது பிள்ளை. அந்தப் பக்கம் அவர் உடைந்து அழுதது எனக்கு நின்ற இடத்திலேயே கேட்டது.

சாயங்காலத்துக்குள் ஒன்பதில் ஏழு பேருடையது திரும்பி வந்துவிட்டது. என்னுடையதும் இன்னும் இரண்டும் வரவில்லை. அவன் ரகசிய எண் ஒன்று வைத்துப் பூட்டியிருந்தான். ஏழு நாள் காத்திருக்க வேண்டும். சிஸ்டர் சைபர் க்ரைமுக்குப் புகார் கொடுத்தார். ஃபாதர் வந்தார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"பாத்தீங்களா, கம்ப்யூட்டர் மிஸ்ஸ கவுத்தாதான் நம்மளப் புடிக்க முடியும்னு அவங்கள மொதல்ல ஹேக் பண்ணிருக்கானுங்க" என்றார் பி.டி. சார்.

"ஒரே சாயங்காலத்துல ஏழு பேரோடத மீட்டுட்டாங்க. நம்ம மிஸ் இல்லன்னா என்ன ஆயிருக்கும்?" என்றார் தமிழ் டீச்சர். அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் அந்த எண்ணை வாசித்தேன். அவருக்கு அது நினைவில் தங்கவே இல்லை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஓடிபி சொல்லும் சத்தம் ஃபேன் சத்தம் மாதிரி.

ஃபாதர் என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது பெரிய ஹேக்கிங் கோர்ஸா பாத்துச் சேர்ந்துடுங்கம்மா. வெளிய ஆள் தேட வேணாம்னு நெனைக்கறேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். யாரும் என்னிடம், உங்களுடையது எப்படிப் போனது என்று கேட்கவில்லை.

என் கணவர் ஒரு சிறிய செராமிக் யூனிட்டில் இருக்கிறார். சூளையிலிருந்து இறங்கும் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். அன்று வீட்டில் நடந்ததைச் சொன்னதும் முதலில் சிரித்தார்.

"தட்டிப் பாக்காமயே பொட்டில போட்டுட்டியே."

"வாய மூடிக்கிட்டு இருங்க" என்றேன். தோசைக் கரண்டியை வீசாததுதான் பாக்கி.

பிறகு அவர் சிரிக்கவில்லை. "யாருக்கும் தெரியாதுல்ல? அப்ப சொல்லாத. எங்க யூனிட்டு வாரத்துக்கு நாலு நாள்தான் ஓடுது. ஒன் வேலையும் போச்சுன்னா என்னா பண்றது?" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை முழுக்க ஊமையாக இருந்தேன். கணக்கு டீச்சர் என்னிடம் வந்து கையைப் பிடித்து, "நேத்து நீங்க ஓடி வந்து சொல்லலன்னா எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது மிஸ்" என்றார். அந்தக் கை என் கையில் இருந்த நேரம் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம், நன்றியை வாங்க முடியவில்லை. அன்று மத்தியானம் அந்த அடிப்படைக் கோர்ஸின் பாடத்திட்டத்தை மறுபடி திறந்து, மனிதர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்ற அத்தியாயத்தின் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவசரப்படுத்துவது, பழக்கமான குரலில் கேட்பது, நம்பிக்கையானவர் பெயரில் கேட்பது. புதன்கிழமை எங்களுக்கு நடந்தது எல்லாம் வரிசையாக இருந்தது. அந்த ஹேக்கிங் விளம்பரத்தில் எவ்வளவு தேடியும் அது இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சிஸ்டர், "எந்தக் கோர்ஸுன்னு சொல்லுங்க மிஸ்" என்றார். ஃபாதரும் இருந்தார். எழுந்து நின்றேன்.

"யாரும் என்ன ஹேக் பண்ணல ஃபாதர். நானா குடுத்தேன். கோர்ஸு சீட்டுன்னு ஒருத்தன் கேட்டான், ஓடிபிய சொல்லிட்டேன். அதுலேருந்துதான் எல்லாருக்கும் போச்சு."

ஃபேன் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. தமிழ் டீச்சர், "ஐயோ, சாப்பிடறப்பவா?" என்றார் மெதுவாக. கணக்கு டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு மணி நேரம் அவரு அங்க ரோட்ல நின்னு அழுதிருக்காரு மிஸ்" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் நீள நோட்டை மேசையில் வைத்தேன். "அவங்கவங்க பக்கத்த அவங்கவங்க கிழிச்சிக்குங்க. பாஸ்வேர்டு இன்னிக்கே மாத்திடுங்க. எனக்குச் சொல்லக் கூடாது. இனிமே ஓடிபி நான் கேட்டாலும் சொல்லாதீங்க. முக்கியமா நான் கேட்டா சொல்லாதீங்க." பி.டி. சார் மட்டும், "எனக்கு மறந்துடும் மிஸ், நீங்களே வெச்சிக்குங்களேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய பக்கத்தை நானே கிழித்து அவர் சட்டைப் பையில் திணித்தேன். ஃபாதர், "திங்கக்கிழம சொல்றேன்" என்று எழுந்து போனார்.

சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று சொல்ல ஆசைப்படவில்லை. கணவர் என்னோடு பேசவில்லை. ஞாயிறு பூசையில் ஃபாதர் நற்கருணை கொடுத்தபோது முகத்தைப் பார்த்தேன். அதில் எதையும் படிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் பீரியடிலேயே சிஸ்டர் கூப்பிட்டார். மேசையில் அவருடைய கம்ப்யூட்டர் திறந்திருந்தது. பக்கத்தில் அந்தக் கடலூர் விண்ணப்பமும் இருந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இப்ப எடமில்லன்னு எழுதிட்டேன்" என்றார் சிஸ்டர். "ஒரு தடவ ஏமாந்து கத்துக்கிட்டவங்கள வெளிய அனுப்பினா நமக்கு என்னா லாபம்னு கேட்டாங்க ஃபாதர். உக்காருங்க. எந்தக் கோர்ஸு?"

"அடிப்படையே போதும் சிஸ்டர். அதுல ஒரு பாடம் இருக்குது. அத நான் படிக்கணும்."

அவர் விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தினார். நான் பெயர், முகவரி, படிப்பு எல்லாம் நிரப்பினேன். கடைசியில் பள்ளிக் கணக்கிலிருந்து கட்டணம் கட்டும் இடம் வந்தது. சிஸ்டரின் போன் மேசையில் அதிர்ந்தது. பதினோரு வருஷத்தில் இந்த அறையில் இப்படி எத்தனையோ தடவை. அவர் வருகைப் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே எண்களைச் சொல்லுவார், நான் தட்டுவேன். என் விரல்கள் எண்கள் மேல் போய் நின்றன. "ஓடிபி சொல்..." என்று என் வாய் தானாகத் திறந்தது.

சிஸ்டர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"எழுந்திரிங்க மிஸ். நான் போட்டுக்கறேன்."

எழுந்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். ஒரே விரலால் எண்ணைத் தேடித் தேடி அழுத்தினார். நேரம் முடிந்துவிட்டது. மறுபடி எண் வரவழைத்தார். நான் கிட்டே போய் உதவப் பார்த்தேன்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றார்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை நான் சொன்னதைத்தான் செய்கிறார் என்று தெரிந்தும் அப்படி இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, அது அவமானத்தால் மட்டும் இல்லை. பதினோரு வருஷத்தில் இந்தப் பள்ளியில் ஒருவர் முதல் முறையாக என்னிடம் ஓடிபி சொல்ல மறுக்கிறார். காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் டக், டக் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறாவது தட்டல் கேட்கும்வரை நான் திரும்பவில்லை.